மெட்டல் பேண்ட் பாப் பக்கம் சாய்ந்தால்: கூடவே போவதா, பழைய ஆல்பத்தோடு நிற்பதா, வேறு ஆளைத் தேடுவதா?

பிரிட்டன் பேண்டான பிரிங் மீ தி ஹொரைசன் 2019 ஜனவரியில் 'அமோ' ஆல்பத்தை வெளியிட்டபோது மூண்ட சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2006இல் 'கவுன்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்' என்று காதைக் கிழிக்கும் டெத்கோர் (கத்தலும் உறுமலும் நிறைந்த கடும் மெட்டல்) ஆல்பத்தோடு வந்த ஷெஃபீல்ட் பையன்கள், பதிமூன்று வருடம் கழித்து எலக்ட்ரானிக் பாப் பாடகி கிரைம்ஸைக் கூட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் டிரான்ஸ் (மின்னணு நடன இசை) பாட்டு ஒன்றைப் போடுகிறார்கள். அந்த ஆல்பம்தான் பிரிட்டன் பட்டியலில் அவர்களுக்கு முதல்முறையாக முதலிடம் வாங்கித் தந்தது, கிராமியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான பரிந்துரையும் வந்தது. போதாக்குறைக்கு, இதெல்லாம் ஹெவி மெட்டலே இல்லை என்று புலம்பும் பழைய ரசிகரைக் கிண்டல் செய்யும் பாட்டு ஒன்றையும் அதிலேயே வைத்தார்கள். பீட்பாக்ஸ் கலைஞர் ரஹ்ஸெல் வாயாலேயே தாளம் போடுவார், பாட்டு முடியும் நேரத்தில் மட்டும் வேண்டுமென்றே ஒரு கத்தல் வெடிக்கும். எரிகிற தீயில் எண்ணெய். ஒரு கூட்டம் விலைபோய்விட்டார்கள் என்றது, இன்னொரு கூட்டம் அவர்கள் வளர்ந்துவிட்டார்கள், நீங்கள்தான் அங்கேயே நிற்கிறீர்கள் என்றது.

இது அவர்களோடு தொடங்கிய சண்டையும் இல்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் 1986இல் 'டர்போ'வுக்காகக் கிட்டார் சிந்தசைசரைக் கையில் எடுத்தபோதும் இதே புகார்தான் எழுந்தது. பாரடைஸ் லாஸ்ட் 1999இல், கோர்ன் 2011இல், லிங்கின் பார்க் 2017இல் என்று பட்டியல் நீளும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை, ஒரு பேண்ட் என்ன வாசிக்க வேண்டும் என்பது அந்த பேண்டின் பாடு. ஆனால் கேட்கிறவருக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறதே! அவர்கள் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போவதா, பிடித்த மூன்று ஆல்பத்தோடு கணக்கை முடித்துக்கொள்வதா, அல்லது அந்தப் பழைய ஒலியை இன்று வாசிக்கும் வேறு ஆட்களைத் தேடிப் போவதா? மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன்: பேண்ட் மீது முடிவு எடுக்காதீர்கள், ஒவ்வொரு ஆல்பத்தின் மீதும் தனித்தனியாக எடுங்கள். அதற்கு ஒரு சோதனையும் வைத்திருக்கிறேன்.

உண்மையில் எது உறுத்துகிறது?

"பாப் ஆகிவிட்டது" என்ற ஒரே புகாருக்குள் நான்கைந்து வேறு வேறு புகார்கள் ஒளிந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தால் தப்பான ஆல்பத்தைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

சிலருக்கு சிந்த், அதாவது சிந்தசைசர் எழுப்பும் மின்னணு ஒலி, அந்தச் சத்தமே ஆகாது. அவர்கள் மிகக் குறைவு என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி' 2000இல் வந்தபோதே அதில் பேண்டின் டிஜே ஜோ ஹானின் டர்ன்டேபிளும் சாம்பிளும் (முன்பே பதிவு செய்த ஒலித்துண்டுகள்) நிறைய இருந்தன, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஃபியர் ஃபேக்டரி 1995லேயே இயந்திர ஒலியை மெட்டலுக்குள் கொண்டுவந்து அதற்காகவே கொண்டாடப்பட்டது. அப்புறம், மெட்டல் ஆல்பங்களில் நீங்கள் கேட்கும் அந்தத் துல்லியமான கிக் டிரம் சத்தத்தில் பெரும்பகுதி பல வருடங்களாகவே சாம்பிள் வைத்து மாற்றப்பட்டதுதான். கணினி தொடாத சுத்தமான மெட்டல் என்று நாம் கற்பனை செய்துகொள்வது பெரும்பாலும் கற்பனைதான்.

வேறு சிலருக்குக் குரல் பிரச்சினை. கத்தல் போய்ப் பாட்டு வந்துவிட்டது, அதிலும் ஓசையை இழைத்து இழைத்து மெருகேற்றிய பாட்டு. இதில் மிக்ஸிங்குக்கும், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்று கலக்கும் வேலைக்கும், பங்கு உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மெட்டல் மிக்ஸில் குரல் கிட்டார்களுக்கு நடுவே புதைந்து, அவற்றோடு முட்டி மோதிக்கொண்டு வெளியே வரும். பாப் மிக்ஸில் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும், மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கும். அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வாசிப்பு), அதே டிரம்ஸ், ஆனால் குரலை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்தால் பாட்டின் எடை பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

கிட்டாருக்கும் சிந்துக்கும் இடத்தகராறு வேறு. வழக்கமான டியூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், மெட்டல்காரர்கள் அதையும் இறக்கி வைப்பார்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டதும் அந்த ஒரு சுரம் மேல்நோக்கிப் பரவி நடு அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்புதான் சுவர் மாதிரி நம் மேல் சாய்கிறது. இப்போது அதே இடத்தில் அகலமான சிந்த் ஒன்றைப் போட்டால் இரண்டில் ஒன்றை மெலிய வைத்தாக வேண்டும். மெலிவது பெரும்பாலும் கிட்டார். கீழே சப்-பேஸ் (மிகத் தாழ்ந்த மின்னணு அதிர்வு) வந்துவிட்டால் பேஸ் கிட்டாருக்கும் அதே கதி. கூடவே நடன இசையிலிருந்து வந்த சைட்செயின் பழக்கம், அதாவது கிக் விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் ஒரு கணம் அமுங்கி எழுவது. நடனத்துக்கு அது உயிர். ஆனால் சுவர் மாதிரி நிற்க வேண்டிய ஒலி மூச்சு வாங்க ஆரம்பித்தால் மெட்டல் கேட்பவருக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது, "பாப்" என்று சொல்லிவிடுவார்.

சரி, சோதனை இதுதான். பாட்டைக் கேட்கும்போது கிட்டாரை மனதுக்குள் எடுத்துவிடுங்கள். பாட்டு விழுந்துவிடுகிறதா? அப்புறம் சிந்த் ஒலியையும் லூப்பையும் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) எடுத்துப் பாருங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் பாட்டு விழுந்தால் அந்தக் கலவை உண்மையிலேயே வேலை செய்கிறது, சண்டை போடாமல் கேளுங்கள். கிட்டாரை எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை, சிந்தை எடுத்தால் விழுகிறது என்றால் அது மெட்டல் வேடம் போட்ட எலக்ட்ரானிக் ஆல்பம். அதில் தப்பில்லை, ஆனால் எலக்ட்ரானிக் இசைக்கு என்ன மதிப்பெண் போடுவீர்களோ அதைத்தான் அதற்கும் போட வேண்டும். இரண்டையும் எடுத்த பிறகும் பாட்டு அப்படியே நிற்கிறது, குரலும் கோரஸும் மட்டும் போதும் என்றால் அங்கேதான் எனக்குப் பிரச்சினை. பின்னால் வாசிப்பவர்கள் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்ற நிலை அது.

கூடவே போவது

முதல் வழி. பேண்டை நம்பிப் போவது, புது ஆல்பம் வந்தால் முன்முடிவு இல்லாமல் கேட்பது. பிரிங் மீ தி ஹொரைசனை வைத்தே பார்க்கலாம், ஏனென்றால் இந்த வழியின் லாபமும் நஷ்டமும் அவர்களிடமே முழுசாக இருக்கின்றன.

எலக்ட்ரானிக் ஒலி அவர்களுக்குள் 'அமோ'வில் திடீரென்று குதிக்கவில்லை. 2008இல் வந்த 'சூசைட் சீசன்' ஆல்பத்தை அடுத்த வருடமே ரீமிக்ஸ் செய்து வெளியிட்டார்கள், அதில் எலக்ட்ரானிக் இசைத் தயாரிப்பாளர் ஸ்க்ரில்லெக்ஸ் செய்த ரீமிக்ஸும் உண்டு. 2013இல் 'செம்பிடர்னல்' வந்தபோது கீபோர்டுக்கு ஜோர்டன் ஃபிஷ் சேர்ந்திருந்தார், அங்கேதான் உண்மையான திருப்பம். அந்த ஆல்பத்தில் சிந்த் அலங்காரத்துக்கு வரவில்லை, பாட்டின் ஆரம்பத்திலேயே மெட்டு அதன் கையில்தான் இருக்கிறது, கிட்டார் பின்னால் வந்து அதன் மேல் இடிக்கிறது. என் சோதனையில் இரண்டு பக்கமும் தேறும். ஆனால் வேடிக்கை பாருங்கள், இன்று "அந்தக் காலத்து பிரிங் மீ" என்று ஏங்குபவர்களில் பெரும் பகுதி ஏங்குவது இந்த ஆல்பத்துக்குத்தான். அது வந்தபோது டெத்கோர் ரசிகர்கள் இதையே துரோகம் என்றார்கள். எந்த ஆல்பத்தின் வழியாக உள்ளே நுழைந்தோமோ அதுதான் நமக்கு உண்மையான பேண்ட், அதற்கு முன்னால் வந்ததெல்லாம் பயிற்சி, பின்னால் வந்ததெல்லாம் சரிவு. இந்த நோய் எல்லோருக்கும் உண்டு.

2015இன் 'தட்ஸ் தி ஸ்பிரிட்' இன்னும் திறந்த வெளியில் பாடுவதற்கான ராக். அப்புறம் 'அமோ'. என் கருத்தில் அந்த ஆல்பம் சரிபாதி. கிரைம்ஸ் வரும் பாட்டில் கிட்டார் கிட்டத்தட்ட இல்லை, அது குறையாகவே தெரியாது, ஏனென்றால் பதற்றம் முழுவதும் சிந்தில் இருக்கிறது, முடிவை நோக்கி அது ஏறிக்கொண்டே போகிறது. எலக்ட்ரானிக் பாட்டாகவே வைத்துப் பார்த்தாலும் நல்ல பாட்டு. கிராடில் ஆஃப் ஃபில்த் என்ற மெட்டல் பேண்டின் பாடகர் டேனி ஃபில்த் எட்டிப் பார்க்கும் பாட்டில் கனமான ரிஃப் இருக்கிறது. ஆனால் நடுவில் வரும் சில காதல் பாட்டுகள் மூன்றாவது வகை. யார் பாடினாலும் ஓடும், யார் வாசித்தாலும் ஓடும். மொத்த ஆல்பத்தையும் திட்டியவர்களும் மொத்தத்தையும் தூக்கி வைத்தவர்களும் வேறு வேறு பாதியைக் கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் படுகிறது.

அங்கேயே கோபித்துக்கொண்டு போனவர்கள் எதைத் தவறவிட்டார்கள்? 2020இல் 'போஸ்ட் ஹியூமன்: சர்வைவல் ஹாரர்' வந்தது. எலக்ட்ரானிக் ஒலி குறையவே இல்லை, இன்னும் கூடியது, ஆனால் கத்தலும் ரிஃப்பும் அதோடு சேர்ந்து திரும்பி வந்தன, ஜப்பானின் மெட்டல்-பாப் குழு பேபிமெட்டலோடு சேர்ந்த பாட்டு ஒன்றிலேயே நாலு வகை இசை ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. 'அமோ'வில் கற்றுக்கொண்டது இல்லாமல் அந்த ஆல்பம் இல்லை என்று அடித்துச் சொல்வேன். 2023 டிசம்பரில் ஜோர்டன் ஃபிஷ் விலகினார், அடுத்த மே மாதம் 'நெக்ஸ் ஜென்' வந்தது, அது ஹைப்பர்பாப்பையும் (மிகைப்படுத்திய மின்னணு பாப்) பழைய ஈமோவையும் (உணர்ச்சி பொங்கும் பங்க் ராக்) வேண்டுமென்றே அலங்கோலமாகக் கலந்த வேறொரு மிருகம். எனக்கு அதில் ஒரு பாதி களைப்பைத் தருகிறது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று கணிக்க முடியாத பேண்டாக அவர்கள் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள், கூடவே போகிறவருக்குக் கிடைக்கும் சம்பளம் அதுதான்.

ஜூடாஸ் பிரீஸ்ட் கதை இன்னும் தெளிவானது. 'டர்போ' அமெரிக்காவில் பிளாட்டினம் விற்றது, திட்டும் வாங்கியது. நான்கே வருடத்தில், 1990இல், அதே பேண்ட் 'பெயின்கில்லர்' போட்டது. வேகத்துக்கும் கடுமைக்கும் இன்றும் அளவுகோலாக வைக்கப்படும் ஆல்பம். 1986இல் கதவைச் சாத்தியவர்கள் அதைத் தாமதமாகத்தான் கேட்டிருப்பார்கள். (சொல்லப்போனால் 'டர்போ' ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. அந்தக் கிட்டார் சிந்த் ஒலிக்கு இப்போது ஒரு தனி அழகு வந்திருக்கிறது.)

ஆனால் இந்த வழிக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. லிங்கின் பார்க்கின் 2017 ஆல்பம் 'ஒன் மோர் லைட்' பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, பேசுவதும் எளிதில்லை. மே மாதம் வந்தது, பில்போர்டு 200இல் முதலிடத்தில் நுழைந்தது, விமர்சகர்களும் பழைய ரசிகர்களும் கடுமையாக நடந்துகொண்டார்கள். 'ஹெவி' என்று பெயர் வைத்த பாட்டில் கனமே இல்லை என்ற நக்கல் எங்கும் ஓடியது. ஜூலை 20ஆம் தேதி செஸ்டர் பென்னிங்டன் இறந்தார். அதற்கு அப்புறம் அந்த வரிகளை யாராலும் முன்பு மாதிரி கேட்க முடியவில்லை. மே மாதம் அலட்சியமாகத் தள்ளிய பலர் தலைப்புப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த மனமாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒலி என்று மட்டும் பார்த்தால் என் கருத்து மாறவில்லை: தலைப்புப் பாட்டைத் தவிர்த்தால் அந்த ஆல்பத்தில் பெரும்பகுதி மூன்றாவது வகை. அதே பேண்ட் 2010இல் போட்ட 'எ தவுசண்ட் சன்ஸ்' கூட ரசிகர்களைப் பிளந்தது, கிட்டார் அதிலும் பின்னுக்குப் போனது, ஆனால் அங்கே எலக்ட்ரானிக் ஒலிதான் முழு ஆல்பத்தையும் தோளில் சுமக்கிறது. இரண்டும் "எலக்ட்ரானிக் பக்கம் போன லிங்கின் பார்க்" என்ற ஒரே தலைப்பில் அடைபடுவது அநியாயம்.

பழையதோடு நிற்பது

இரண்டாவது வழிக்குக் கெட்ட பெயர் அதிகம், பிடிவாதக்காரர்கள் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு பேண்டின் மூன்று ஆல்பத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்பதில் என்ன குற்றம்? யாரும் பதினைந்து ஆல்பத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. செலவும் இல்லை, எரிச்சலும் இல்லை, புது ஆல்பம் வரும்போதெல்லாம் போய்த் திட்டிவிட்டு வரும் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும். அதைச் செய்ய முடியாதவர்களுக்கு இந்த வழி சரிப்படாது, அவர்கள் நிற்கவில்லை, கூடவே போய்க்கொண்டு வழி முழுக்கப் புலம்புகிறார்கள்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும், என்றாவது திரும்பி வருவார்கள் என்று. சில நேரம் வருகிறார்கள். மார்பிட் ஏஞ்சல் எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2011இல் 'இல்லுட் டிவினும் இன்சேனஸ்' போட்டது. டெத் மெட்டலின் தூண்களில் ஒன்று டெக்னோ தாளத்தோடு வந்ததும் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், அடுத்த ஆல்பம் 2017இல் ஸ்டீவ் டக்கரின் குரலோடு பழைய பாதைக்கே திரும்பியது. கோர்ன் 2011இல் ஸ்க்ரில்லெக்ஸ் உள்ளிட்ட டப்ஸ்டெப் (கனமான பேஸ் கொண்ட மின்னணு நடன இசை) ஆட்களோடு சேர்ந்து 'தி பாத் ஆஃப் டோட்டாலிட்டி' செய்தது, இரண்டே வருடத்தில் பழைய கிட்டார்காரர் ஹெட் திரும்பி வந்தார், டப்ஸ்டெப் போயிற்று. இந்த இரண்டிலும் காத்திருந்தவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஒரே ஒரு ஆல்பம், அதுவும் அந்த வருடத்து ஃபேஷனை அப்படியே தூக்கி மாட்டிக்கொண்ட ஆல்பம். இதை ஒரு அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம்: எலக்ட்ரானிக் ஒலி பேண்டுக்குள்ளிருந்தே, தங்கள் ஆளின் கையாலேயே வந்தால் அது நிலைக்கும், வெளியிலிருந்து பிரபல தயாரிப்பாளரோடு ஒரே ஆல்பத்துக்கு வந்தால் அது பெரும்பாலும் விருந்தாளி, போய்விடும்.

ஆனால் நின்றவர்கள் பெரிதாக இழந்த இடமும் ஒன்று உண்டு, அதுதான் எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்த கதை. பாரடைஸ் லாஸ்ட். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் இருந்து வந்தவர்கள், 1991இன் 'காதிக்' ஆல்பத்தால் ஒரு வகை மெட்டலுக்கே வழி வகுத்தவர்கள், 1995இன் 'டிரகோனியன் டைம்ஸ்' அவர்களைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனது. 1999இல் பெரிய கம்பெனியான ஈஎம்ஐ வழியாக 'ஹோஸ்ட்' வந்தது. கிட்டார் கிட்டத்தட்டக் காணோம், உறுமல் அறவே இல்லை, லூப்பும் சிந்தும் மெல்லிய குரலும்தான். சிந்த்பாப் பேண்டான டெபெஷ் மோட் ஆகப் பார்க்கிறார்கள் என்று சிரித்தார்கள். பெரிய கம்பெனி, திடீர் பாப் ஒலி, விலைபோய்விட்டார்கள் என்று சொல்ல இதைவிடத் தோதான சாட்சி கிடைக்காது.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். படிப்படியாகக் கனம் திரும்பியது, 2015இல் 'தி பிளேக் விதின்' ஆல்பத்தில் நிக் ஹோம்ஸ் மீண்டும் உறுமினார். சரி, தப்பைத் திருத்திக்கொண்டார்கள் என்று பழைய ரசிகர்கள் நிம்மதியானார்கள். ஆனால் 2023இல் ஹோம்ஸும் கிரெக் மெக்கிண்டாஷும் தனியாக ஒரு எலக்ட்ரானிக் இசைக்குழுவைத் தொடங்கினார்கள், அதற்கு வைத்த பெயர் ஹோஸ்ட். விற்பனைக்காக வேண்டாவெறுப்பாகச் செய்த வேலை என்றால் இருபத்து நான்கு வருடம் கழித்து யாராவது அதன் பெயரையே எடுத்துப் பலகையில் மாட்டுவார்களா? அவர்களுக்கு அந்த ஒலி உண்மையாகவே பிடித்திருந்தது. அந்த ஆல்பத்தை இப்போது கேட்டுப் பாருங்கள். அது பாட்டெழுதத் தெரிந்தவர்கள் செய்த இருண்ட எலக்ட்ரானிக் ஆல்பம், சோகம் 'காதிக்'கில் இருந்த அதே சோகம். கிட்டாரை மட்டும் தேடியவர்களுக்கு அது காதில் விழவில்லை.

இன்னொன்று. கனமான ஒலிக்குத் திரும்புவதை யாரும் வியாபாரம் என்று சொல்வதில்லை, இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். "வேர்களுக்குத் திரும்புகிறோம்" என்பதைவிடப் பாதுகாப்பான விளம்பர வாசகம் மெட்டலில் உண்டா? பழைய ரசிகர்களிடம் விற்பனை நிச்சயம், திருவிழா மேடைகள் நிச்சயம். மெலடிக் டெத் மெட்டலில் தொடங்கி மென்மையான ஒலிக்குப் போன சுவீடனின் இன் ஃப்ளேம்ஸ் 2023இல் போட்ட 'ஃபோர்கான்' எனக்குப் பிடித்த ஆல்பம், ஆனால் அதற்குக் கிடைத்த வரவேற்பில் பாதி இசைக்கு, பாதி ஒரு வகை மன்னிப்புக்கு. 2014இன் 'சைரன் சார்ம்ஸ்', 2016இன் 'பேட்டில்ஸ்' இரண்டின் மீதும் இருந்த கோபம் தணிந்த நிம்மதி அது. அந்த இரண்டையும் நான் மறுபடி கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறு ஆளைத் தேடுவது

மூன்றாவது வழி எளிது, அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்தது அந்த ஆட்களா, அந்த ஒலியா என்ற கேள்விக்கு "ஒலி" என்று தயங்காமல் பதில் வந்தால் இதுதான் உங்கள் வழி. 

இன் ஃப்ளேம்ஸ் ரசிகர்களுக்கு அதிர்ஷ்டம், அவர்கள் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை. இன் ஃப்ளேம்ஸை ஆரம்பித்த யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாட் 2010இல் விலகியிருந்தார். அவரும் அதே பேண்டில் முன்பு இருந்த இன்னும் சிலரும் டார்க் டிராங்குவிலிட்டி பேண்டின் பாடகர் மிக்கேல் ஸ்டானேயோடு சேர்ந்து தி ஹேலோ எஃபெக்ட் என்ற பேண்டை உருவாக்கி 2022இல் 'டேஸ் ஆஃப் தி லாஸ்ட்' வெளியிட்டார்கள். சுவீடனின் கோதன்பர்க் நகரத்துப் பாணி மெலடிக் டெத் மெட்டல், கைதேர்ந்தவர்கள் வாசித்தது. பழைய வீட்டை விட்டுப் போனவர்கள் எதிர்த் தெருவில் அதே மாதிரி வீடு கட்டிக்கொண்டார்கள். குறை என்று சொன்னால், அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஏக்கத்தைத் தீர்க்கும், ஆச்சரியப்படுத்தாது.

எதிர்ப் பக்கத்திலும் தேடலாம். எலக்ட்ரானிக் பாப்பும் மெட்டலும் கலப்பது பிடிக்கிறது, ஆனால் பிடித்த பேண்ட் மாறுவதைப் பார்க்கும் வலி வேண்டாம் என்றால், முதல் நாளிலிருந்தே அப்படி இருப்பவர்கள் இருக்கிறார்கள். சுவீடனின் அமராந்தே 2011இன் முதல் ஆல்பத்திலேயே மூன்று பாடகர்கள், நடன தாளம், பெரிய கோரஸ் என்றுதான் வந்தது. ஜெர்மனியின் எலக்ட்ரிக் கால்பாய் 2022இன் 'டெக்னோ' ஆல்பத்தில் பிரேக்டவுனையும் (வேகம் குறைந்து கனம் கூடும் மெட்டல் பகுதி) டிரான்ஸ் டிராப்பையும் (தாளம் வெடித்து இறங்கும் நடன இசைப் பகுதி) ஒரே சிரிப்போடு அடுத்தடுத்து வைக்கிறது. இவர்களை யாரும் விலைபோனவர்கள் என்று திட்டுவதில்லை, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கோபத்தில் எவ்வளவு பங்கு ஒலிக்கு, எவ்வளவு பங்கு உறவுக்கு என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. இதே டிரான்ஸ் சிந்தை இவர்கள் வாசித்தால் ரசிக்கிறீர்கள், உங்கள் பேண்ட் வாசித்தால் எரிச்சல் வருகிறது என்றால், உங்கள் புகார் சிந்த் மீது இல்லை.

நார்வேயின் உல்வர் ஒரு விதிவிலக்கு. 1990களில் பிளாக் மெட்டல் வாசித்தவர்கள், 2000இல் 'பெர்டிஷன் சிட்டி'யோடு மெட்டலை விட்டே வெளியேறி எலக்ட்ரானிக் பக்கம் போனார்கள், 2017இல் சிந்த்பாப் ஆல்பம் போட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிய சண்டை சீக்கிரம் அடங்கிப்போனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். முழுசாகப் போனவர்களை மன்னிப்பது சுலபம். ஒரு கால் அங்கே ஒரு கால் இங்கே வைத்து, ஒவ்வொரு பேட்டியிலும் "இதுவரை நாங்கள் செய்ததிலேயே கனமான ஆல்பம்" என்று சொல்கிறவர்கள்தான் ரசிகர்களைப் படுத்துகிறார்கள்.

யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

உங்களுக்கு ஒரு பாடகரின் குரல், அவர் எழுதும் வரிகள், அவர் வளர்வதைப் பார்ப்பது முக்கியம் என்றால் கூடவே போங்கள். ஒரு ஆல்பம் கசந்தால் அடுத்ததுக்கு மட்டும் இடம் வையுங்கள், அதுவும் மூன்றாவது வகையாகவே இருந்தால் விட்டுவிடலாம், இரண்டு ஆல்பம் என்பது நான்கைந்து வருடப் பொறுமை, அதற்கு மேல் யாருக்கும் கடன் இல்லை. கேட்பதற்குத் தனியாகச் செலவும் இல்லாத காலம் இது, ஒரு மாலை நேரம் போதும். ஆனால் முதலில் வெளியாகும் ஒற்றைப் பாட்டை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். அது பெரும்பாலும் வானொலிக்கும் பிளேலிஸ்ட்டுக்கும் தோதாகத் தேர்ந்தெடுக்கப்படுவது, ஆல்பத்திலேயே மிகவும் மென்மையான பாட்டாகக்கூட இருக்கலாம்.

ரிஃப்தான் உங்களுக்கு எல்லாம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பழைய ஆல்பங்களையும் மூன்றாவது வழியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை. எனக்கு லிங்கின் பார்க்கில் இரண்டாவது வழி, பிரிங் மீயில் முதல் வழி, இன் ஃப்ளேம்ஸில் மூன்று வழியும் கலந்து. ஒரே ஆள் மூன்று பேண்டுக்கு மூன்று விதமாக முடிவெடுப்பதில் எந்த அசிங்கமும் இல்லை.

கச்சேரி டிக்கெட் விஷயம் மட்டும் வேறு. அங்கே காசு போகிறது, ஒரு நாள் போகிறது, பாட்டைத் தாண்டிப் போகும் பொத்தானும் கிடையாது. சுற்றுப்பயணம் புது ஆல்பத்தை விற்கத்தான், அதனால் பட்டியலில் பாதி புதுசாக இருக்கும், ஆரம்பகால ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு வந்தாலே பெரிது, சில நேரம் அதுவும் மூன்று பாட்டின் துண்டுகளைக் கோத்த ஒட்டுப்பாட்டாக இருக்கும். மறுபக்கம், ஆல்பத்தில் மெலிந்து கிடக்கும் பாட்டு மேடையில் எடை போடுவதும் உண்டு. நிஜ டிரம்ஸ் அறைகிறது, மிக்ஸில் அமுக்கி வைத்த கிட்டார் அங்கே அதன் இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது, ஆல்பத்தில் மெருகேற்றிய குரலில் கரகரப்பு வந்துவிடுகிறது. சிந்த் பகுதிகள் பல நேரம் பதிவிலிருந்தே ஓடும், அதைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம், இப்போது கிட்டாரை நம்பும் பேண்டுகளில் பலவும் பதிவைத் துணைக்கு வைத்துத்தான் வாசிக்கின்றன. ஆகவே அதே சுற்றுப்பயணத்தின் முந்தைய ஊர்களில் என்ன பாட்டுகள் வாசித்தார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். புது ஆல்பத்திலிருந்து வரும் பாட்டுகளில் பாதியாவது உங்கள் சோதனையில் தேறியவை என்றால் போகலாம். ஒரே ஒரு பழைய பாட்டுக்காக இரண்டு மணி நேரம் கைகட்டி நிற்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் காசுக்கு மூன்றாவது வழியில் கண்டுபிடித்த பேண்டைச் சின்ன மேடையில் முன்வரிசையில் நின்று பாருங்கள், டிக்கெட்டும் மலிவாக இருக்கும், மிச்சத்தில் ஒரு டி-ஷர்ட்டும் வாங்கலாம்.